ஈரச் சுவருக்குத் தீபாவளி தெரியாது

வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் பழைய தொடர்மாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"எங்களுடையது மூன்றாம் மாடி வீடு. கட்டி முப்பத்தைந்து வருடம் இருக்கும். கனடாவிலிருந்து அக்கா குடும்பத்தோடு தீபாவளிக்கு வருகிறா. பெயின்டர் சொன்ன கூலி கட்டுப்படியாகவில்லை. செப்டெம்பர் கடைசியில் நானும் கணவரும் நான்கு நாள் லீவு போட்டு நாங்களே அடித்தோம். பத்து லீட்டர் வாளி ஒன்று, போதாமல் போனதால் பிறகு நான்கு லீட்டர் டின் ஒன்று. கணவரோடு வேலை செய்பவர் ஒருவர், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் ரோலர் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றார், அப்படியே செய்தோம்.

மூன்று கிழமை கூடப் போகவில்லை. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், முழங்கால் உயரத்துக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ஹோலில் கடலைப் பார்த்த யன்னல் மூலையில் வெள்ளையாக மாவு மாதிரி பூக்கிறது. அதே ஹோலில் ஒரு சுவர் நடுவில் இரண்டு நிறமாகத் தெரிகிறது. நடைபாதையில் முன்பு இடுப்பளவுக்குப் பச்சை எனாமல் அடித்திருந்தது. அதன் மேல் அடித்த பெயின்டை நான்கு வயது மகன் நகத்தால் பிடித்து இழுக்க, வாழைப்பழத் தோல் போல உரிந்து வருகிறது. அலுமாரியை நகர்த்தினால் பின்னால் கறுப்புப் புள்ளிகள். மகனுக்கு வேறு இளைப்பு இருக்கிறது.

மாமி, 'பெயின்ட் போலி' என்கிறா. ஹார்ட்வெயார் கடைக்காரர், தண்ணீர் புகாத பெயின்ட் ஒன்று இருக்கிறது, அதை மேலே அடித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார். கணவர் மின்சாரத்தில் ஓடும் சாண்டர் ஒன்றை இரவல் வாங்கி, நடைபாதையில் பச்சையை உரசத் தொடங்கிவிட்டார். அரை நாள் வேலை முடிந்தது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு கிழமைதான். அதற்குள் எப்படி முடிப்பது?"

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் நீங்கள் கடைசியாகச் சொன்னதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கணவரிடம் அந்த சாண்டரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கொப்புளமும் வெள்ளை மாவும் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

முப்பது வருடத்துக்கு முன் அடித்த எனாமல், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு போன்ற அழுத்தமான நிறம் என்றால், அதில் ஈயம் இருக்கக்கூடும். அந்தக் காலத்து மஞ்சள் நிறமி பல இடங்களில் ஈயம் சேர்ந்ததுதான். அதோடு நீலத்தைச் சேர்த்துத்தான் பல பச்சைகளைச் செய்தார்கள். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு எல்லை வைத்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் பணிப்புரை 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நடைபாதைச் சுவர் அதற்கு மிகவும் முந்தியது. ஈயம் இருந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சுவரில் ஒட்டியபடி இருக்கும்வரை அது பெரிய தீங்கு செய்யாது. உரசித் தூளாக்கினால் அந்தத் தூள் தரையில் படியும், பிள்ளையின் கையில் ஒட்டும், கையிலிருந்து வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பொருள் அது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு.

அரை நாள் உரசியாயிற்று. இனிச் செய்ய வேண்டியது இதுதான். மகனை ஓரிரு நாள் பாட்டி வீட்டிலோ வேறு உறவுக்காரர் வீட்டிலோ விடுங்கள். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், தூள் மறுபடி எழும்பும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் தரை, யன்னல் கட்டை, கதவின் மேல்விளிம்பு, மின்விசிறித் தகடு எல்லாவற்றையும் துடையுங்கள். துடைத்த துணியை வாளியில் அலசி மறுபடி பாவிக்காமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். மகனின் விளையாட்டுச் சாமான்களைக் கழுவுங்கள். கணவர் அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். மகனை வழக்கமாகப் பார்க்கும் பிள்ளை வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பயந்துபோய் ஓட வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது சுவர்களுக்கு வருவோம்.

நான் கட்டடப் பொறியியலாளன். புதுக் கட்டடத்தை விடப் பழைய கட்டடத்தின் திருத்த வேலையில்தான் அதிக காலம் போயிருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஐந்து குறைகளையும் நீங்கள் ஒரே குறையாகப் பார்க்கிறீர்கள். "பெயின்ட் பிழைத்துவிட்டது" என்று. கடைக்காரர் ஒரே டின்னில் ஐந்துக்கும் மருந்து தருவதாகச் சொல்வதும் அதனால்தான் உங்களுக்கு எடுபடுகிறது. எனக்குத் தெரிவது ஐந்து வெவ்வேறு சுவர்கள், ஐந்து வெவ்வேறு காரணங்கள். அவற்றில் மூன்றுக்குக் காரணம் ஈரம். ஈரத்தின் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது.

பெயின்ட் போலியா?

மாமியின் சந்தேகத்தைத் தட்டிவிட மாட்டேன், போலி டின்கள் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் போலிப் பெயின்ட் என்றால் அடித்த இடமெல்லாம் ஒரே மாதிரிக் கெட்டிருக்கும். உங்கள் வீட்டில் அதே வாளிப் பெயின்ட் மற்ற அறையில் நன்றாகத்தான் இருக்க வேண்டும். அங்கே குறை என்று நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. எதற்கும் பில்லையும் டின்னையும் எறியாதீர்கள். பொருளில் குறை என்று நம்பினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் விஷயத்தில் அந்த முறைப்பாடு நிற்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

ஏனென்றால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால், கதவு யன்னலைக் கழித்து ஏறக்குறைய 400 சதுர அடிச் சுவர். இப்படி இரண்டு அறை, கொஞ்சம் பெரிய ஹோல் ஒன்று, எல்லாம் சேர்த்து 1300 சதுர அடிக்குக் கிட்ட வரும். இரண்டு கோட் அடித்தால் 2600. நீங்கள் அடித்தது போன்ற, தண்ணீர் கலக்கும் எமல்ஷன் பெயின்ட் ஒரு லீட்டர் பழைய சுவரில் 100 சதுர அடி மட்டில் பிடிக்கும். அப்படியானால் 26 லீட்டர் வேண்டும். நீங்கள் வாங்கியது 14. மிச்சத்தைத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது. பெரும்பாலான எமல்ஷன் டின்களில் பத்து முதல் இருபது வீதம் வரைதான் தண்ணீர் கலக்கச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் ரோலர் வழுக்கும்தான், ஆனால் நிறத்தைச் சுவரோடு பிடித்து வைக்கும் பசை மெலிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் நிறம் துணியில் வரும். உங்கள் நல்ல அறையில் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். நிறம் வந்தால் பயப்பட வேண்டாம், வறண்ட மாதத்தில் சரியான அளவில் இன்னொரு கோட் அடித்தால் போதும்.

கொப்புளம் எழும்பிய சுவர்

முழங்காலுக்குக் கீழே, பாத்ரூமை ஒட்டிய சுவர் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மேல் மாடியிலிருந்து வரும் ஒழுக்கு என்றால் கறை மேலேயிருந்து கீழே இறங்கும். இது கீழேயே நிற்கிறது. அப்படியானால் உங்கள் பாத்ரூம் டைல்களின் இடுக்கு, தரையின் ஓரம், அல்லது சுவருக்குள் போகும் குழாய், இந்த மூன்றில் ஒன்று.

பல வருடத்துக்கு முன், கொட்டாஞ்சேனையில் எங்கள் அம்மாவின் வீட்டில் இதே மாதிரி ஒரு சுவர். தங்கையின் கல்யாணப் பேச்சுக்கு ஆட்கள் வரப் போகிறார்கள் என்று நானும் தம்பியும் அவசரமாகச் சுவரைச் சமப்படுத்தும் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டோம். பத்தாம் நாள் ஒரு கொப்புளம், ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு. விரலால் அமத்தினால் பஞ்சு போல மெத்தென்று இருந்தது. ஊசியால் குத்தினேன். வெறும் தேநீர் நிறத்தில் தண்ணீர் கோடாக இறங்கிப் புதுப் பெயின்டில் கறையை விட்டுக்கொண்டு போனது. தண்ணீர் அந்தச் சுவருக்குள்தான் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. நாங்கள் செய்ததெல்லாம் அது வெளியேறும் வழியை மூடியதுதான். உங்கள் சுவரிலும் ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தாலும் சரி, நனைந்த மணல் வந்தாலும் சரி, கதை ஒன்றுதான்.

கடைக்காரர் சொல்லும் தண்ணீர் புகாத பெயின்டை நான் தடுப்பதும் இதற்காகத்தான். அந்த வகைப் பெயின்ட் வேலை செய்யும், ஆனால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் அடித்தால்தான். உங்களுக்குத் தண்ணீர் வருவது சுவரின் முதுகுப் பக்கத்திலிருந்து. நீங்கள் அடிக்கப் போவது முகத்தில். பின்னாலிருந்து தள்ளும் ஈரம் கெட்டியான அந்தப் படலத்தைத் தகடு தகடாகப் பெயர்த்துக்கொண்டு வரும், சில வேளை சீமெந்துப் பூச்சையும் சேர்த்து. நனைந்த துணியைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சுவருக்கும் அதுதான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன. இரவு படுக்கும்போது வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீற்றரின் இலக்கத்தை எழுதி வையுங்கள். யாரும் தண்ணீர் பாவிக்காமல் காலையில் இலக்கம் கூடியிருந்தால் குழாய் கசிகிறது. பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். கூடவில்லையென்றால் டைல் இடுக்கைச் சந்தேகியுங்கள். இரண்டு மூன்று நாள் அந்தப் பாத்ரூமில் குளிக்காமல் இருந்து, சுவர் கொஞ்சமாவது வெளுக்கிறதா என்று பாருங்கள். வெளுத்தால் குளிக்கும் தண்ணீர்தான் இறங்குகிறது. டைல் இடுக்குகளைச் சுரண்டி, இடுக்கை நிரப்பும் கிரவுட் புதிதாக வைத்து, தரையும் சுவரும் சேரும் ஓரத்தை அடைத்தால் பெரும்பாலும் நிற்கும். இது ஒரு பெயின்ட் வாளியின் விலைக்குள் முடியக்கூடிய வேலை.

அதன் பிறகும் உடனே பெயின்ட் இல்லை. கொப்புளத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, சுவரை அம்மணமாக விடுங்கள். நன்றாக நனைந்த சுவர் காய்வதற்கு மாதக் கணக்கு எடுக்கும். இந்த ஊர்க் காற்றிலேயே பாதி தண்ணீர்தானே. காய்ந்ததா என்று பார்க்க, ஓரடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டு ஒன்றைச் சுரண்டிய இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், பனித்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். வெளிப்பக்கம் பனித்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். யன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால்தான் புட்டியைத் தொட வேண்டும்.

வெள்ளை மாவு

யன்னல் மூலையில் பூப்பது உப்பு. சீமெந்துக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு மேலே வந்து, தான் காய்ந்து போய், உப்பை மட்டும் விட்டுவிடுகிறது. கடல் ஓரத்து வீடுகளில் காற்றோடு வரும் உப்பும் சேர்ந்துகொள்ளும். மரைன் டிரைவ் பக்கத்து யன்னல் கிறில்கள் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று நீங்களே பார்க்கிறீர்கள்.

இங்கே பலர் ஒரு பிழை செய்கிறார்கள். உப்பைக் கண்டதும் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய், அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பூக்கும். வீட்டுக்குள் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, காகிதத்தில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். பூப்பது நிற்கும்வரை சில கிழமைக்கு ஒருமுறை அப்படியே செய்யுங்கள். ஆனால் பல்கனி, வெளிச்சுவர் போன்ற இடங்களில் கடற்காற்று ஒட்டிவிட்ட உப்பு வேறு. அது மேற்பரப்பில் இருப்பது. பெயின்டுக்கு முன் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

யன்னல் மூலையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு உங்களுடைய பொறுப்பு, உள்ளிருந்தே அடைக்கலாம். பிறகு அதன் மேல் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் சாதாரண சிலிக்கன் வாங்க வேண்டாம், அதில் பெயின்ட் பிடிக்காது. பெயின்ட் பிடிக்கும் அக்ரிலிக் வகை என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் வெளிச்சுவரில் வெடிப்பு இருந்தால் விஷயம் மாறுகிறது.

தொடர்மாடியில் எது உங்கள் சுவர்?

வீடு எங்கள் பெயரில் இருக்கிறது, எந்தச் சுவருக்கும் நாங்கள் என்னவும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்மாடியில் அப்படி இல்லை. 1973 ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடம் என்றால், வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு போன்றவை எல்லா வீட்டுக்காரருக்கும் பொதுவான பகுதிகள். அவற்றைப் பராமரிப்பது, வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடமை. அதற்காகத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். ஆகவே வெளி வெடிப்பை நீங்கள் கயிறு கட்டி இறங்கி அடைக்க வேண்டியதும் இல்லை, அனுமதியில்லாமல் வெளிப்பக்கத்துக்கு நீங்கள் விரும்பிய நிறம் அடிக்கவும் முடியாது. படம் எடுத்து, திகதி போட்டு, கூட்டுத்தாபனத்தின் செயலாளருக்குக் கடிதமாகக் கொடுங்கள். வாயால் சொன்னது நாலு நாளில் மறந்து போகும். அவர்கள் அசையாவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் முறையிட வழி இருக்கிறது. ஆனால் முதலில் மேல் வீட்டுக்காரரோடும் செயலாளரோடும் ஒரு தேநீர் குடித்துப் பேசிப் பாருங்கள். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கப் போகிறவர்கள்.

மற்ற மூன்றும்

ஹோலில் இரண்டு நிறம் தெரிவதற்கு விடை உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. பத்து லீட்டர் ஒரு நாள் கலந்தது, நான்கு லீட்டர் இன்னொரு நாள். இயந்திரத்தில் கலந்தாலும் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் வரும். இனிமேல் தேவையான அளவை ஒரே தடவையில் வாங்கி, எல்லாவற்றையும் பெரிய வாளி ஒன்றில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலையிலிருந்து மூலைவரை நடுவில் சாப்பிடப் போகாமல் முடியுங்கள். திட்டாகத் தெரியும் இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு அடித்தால் இன்னும் மோசமாகும், முழுச் சுவரையும்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

நடைபாதையில் உரிந்ததற்குக் காரணம், எனாமல் கண்ணாடி போல வழவழப்பானது. எண்ணெய்ப் பசையான அந்தப் பளபளப்பின் மேல் எமல்ஷனுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. வழக்கமான வழி அதை உரசி மங்கலாக்குவது. உங்கள் வீட்டில் ஈயச் சந்தேகம் இருப்பதால் காய்ந்தபடி உரசவே கூடாது. சூடாக்கிச் சுரண்டும் கருவியும் வேண்டாம். மகன் வீட்டில் இல்லாத நாளில், தரையில் பொலித்தீன் விரித்து, முகக்கவசம் போட்டு, தண்ணீரில் நனைத்த நீர்ச் சாண்ட்பேப்பரால் பளபளப்புப் போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். வரும் கூழைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வழவழப்பான பரப்பில் ஒட்டும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, ஒரு கோட். அதன் மேல் எதையும் அடிக்கலாம். அடிக்கும் முன் ஒரு சோதனை: பிரைமர் நன்றாக இறுகச் சில நாள் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சிறு கோடுகள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு பிரைமர் வந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை. இவ்வளவுக்கும் பொறுமையில்லை என்றால், அந்த இடுப்பளவுச் சுவரை மட்டும் அனுபவமுள்ள பெயின்டர் ஒருவரிடம் கொடுங்கள், நனைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வீடு முழுக்க அடிக்கும் கூலி கட்டுப்படியாகாவிட்டாலும் ஒரு நாள் கூலி கட்டுப்படியாகும்.

அலுமாரிக்குப் பின்னால் இருப்பது பூஞ்சணம். காற்று ஓடாத இடத்தில், குளிர்ந்த சுவரில் ஈரம் படிந்து வளர்கிறது. இளைப்பு உள்ள பிள்ளை படுக்கும் அறையில் இது இருக்கவே கூடாது. வீட்டில் துணி வெளுக்கப் பாவிக்கும் குளோரின் திரவத்தை ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்த்துத் தடவி, பதினைந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் துடையுங்கள். கையுறை போடுங்கள், யன்னல்களைத் திறந்து வையுங்கள், மகன் அன்று வீட்டில் வேண்டாம். அப்புறம் ஒன்று, மிக முக்கியம்: குளோரினோடு பாத்ரூம் கழுவும் அசிட்டையோ அமோனியா சேர்ந்த எதையுமோ ஒரு சொட்டும் கலக்காதீர்கள். எழும்பும் நச்சு வாயு மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. துடைத்த பிறகு அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பூஞ்சணத்தின் மேல் நேரே பெயின்ட் அடித்தால் அது பெயின்டைத் துளைத்துக்கொண்டு திரும்பி வரும்.

தீபாவளிக்கு என்ன செய்வது?

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். அதற்கு என் விடை, அடிக்க வேண்டாம் என்பது. தீபாவளி வரும் ஒக்டோபரும் நவம்பரும் கொழும்பில் மழை அதிகம் கொட்டும் மாதங்களில் சேர்ந்தவை. காலையில் வெயில் அடித்து ஏமாற்றும். பின்னேரம் இடி முழக்கத்தோடு ஊற்றும். சுவர் காய்வதற்கு மிக மோசமான காலமொன்றில்தான் நம்மவர்கள் பாதிப் பேர் பெயின்ட் வாளியைத் தூக்குகிறோம். எனக்கு இதில் உண்மையான மனவருத்தம் உண்டு. எத்தனை வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு இப்படி மூன்று கிழமையில் உரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்! தை பிறந்த பிறகு, ஜனவரி கடைசியும் பெப்ரவரியும், நம் ஊரில் வறண்ட நாட்கள். பொங்கலுக்குப் பிறகு என்று திட்டமிடுங்கள். அதுவரை ஒழுக்கைத் திருத்தவும் சுவர் காயவும் இரண்டு மூன்று மாதம் கிடைக்கிறது.

இந்த இரண்டு கிழமையில் செய்யக்கூடியது இவ்வளவு. ஈயத்தூளைத் துடைப்பது, பூஞ்சணத்தைப் போக்குவது, கொப்புளத்தைச் சுரண்டிச் சுவரைத் திறந்துவிடுவது, மீற்றரைப் பார்ப்பது. நடைபாதையில் உரசிய இடத்தில் சில நாளில் ஒரு கோட் பிரைமர் மட்டும் அடித்து மூடிவிடலாம், பிள்ளைகளின் கை படாமல் இருக்கட்டும். அக்காவின் பிள்ளைகளும் வருகிறார்கள் அல்லவா. கதவு, கிறில் போன்றவற்றுக்கு எனாமல் அடிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். தின்னர் மணம் உங்கள் மகனின் இளைப்புக்கு ஆகாது. படுக்கையறைச் சுவரின் முன்னால் கட்டிலையோ அலுமாரியையோ தள்ளி மறைக்க வேண்டாம், காற்றுப் படட்டும். அக்கா கேட்டால், சுவர் காய்கிறது என்று சொல்லுங்கள். கூடப்பிறந்தவதானே.

ஜனவரியில் காய்ந்த சுவரில் வேலை தொடங்கும்போது: மணலாகக் கொட்டும் பூச்சை எடுத்துவிட்டு மேசனைக் கொண்டு திருத்தினால், புதுப் பூச்சுக்கு நான்கு கிழமை கொடுங்கள். இன்னும் முற்றாகக் காயாத சீமெந்தின் காரம் எமல்ஷனைத் தின்றுவிடும். பாத்ரூம் பக்கத்துச் சுவருக்குச் சீமெந்துப் புட்டி நல்லது. அதன் மேல் காரத்தைத் தாங்கும் பிரைமர், பிறகு அளவான தண்ணீரில் இரண்டு கோட், ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் டின்னில் சொன்ன நேரத்துக்குக் குறையாமல். மழை நாளாக இருந்தால் ஓர் இரவு விடுங்கள். சுவிட்ச் பலகையைச் சுற்றி அடிக்கும் முன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். ஏணியின் கடைசிப் படியில் நிற்காதீர்கள். கணவர் ஏறினால் நீங்கள் பிடியுங்கள்.

நீங்களே அடித்ததற்காக வருந்தாதீர்கள். காசு கொடுத்து அடித்திருந்தாலும் அந்த ஈரச் சுவர் இதையேதான் செய்திருக்கும். இன்றிரவு படுக்கும் முன் மீற்றர் இலக்கத்தை எழுதி வையுங்கள், கொப்புளம் சுரண்டிய இடத்தில் பொலித்தீனையும் ஒட்டுங்கள். மீற்றர் என்ன காட்டியது, பொலித்தீனில் எந்தப் பக்கம் பனித்தது, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். பிளம்பரா, டைல் வேலையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.